ஓடைக்கு இந்தப் பக்கம்

எங்கள் நெரோவிரிசி ஊரில் நிலக்கரியைத் திட்டிய ஒரே ஆள் லாசரோஸ். மற்ற எல்லோர் வீட்டிலும் யாராவது ஒருவர் சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ வேலை பார்த்தார்கள். என் ரொட்டிக்கடையே அவர்கள் சம்பளத்தில்தான் ஓடியது. காலையில் கடையைத் திறந்து பலகையைத் துடைத்தால் துணி கறுப்பாகும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. துணியை அலசிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம்.

லாசரோஸ் குங்குமப்பூ பயிரிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்டோபரில் வயல் ஊதா நிறமாகும்போது தங்கை பார்த்தெனாவும் அவள் மகன் அனெஸ்திஸும் வந்து நாள் முழுக்கக் குனிந்து பூப் பறித்துக் கொடுப்பார்கள். பார்த்தெனாவின் கணவன் யோர்தானிஸ் மட்டும் வரமாட்டான். அவன் சுரங்கத்தில் வாளிச் சக்கர எந்திரம் ஓட்டினான். மாடிக் கட்டடம் உயரத்துக்கு ஒரு சக்கரம், அதன் விளிம்பெல்லாம் வாளிகள். அது சுற்றச் சுற்ற மலையே கரையும். அந்த உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து பழகியவனுக்கு முதுகு வளையாது என்று பார்த்தெனா கேலி செய்வாள்.

ஒரு வருஷம் அக்டோபர் முடியும்வரை வெயில் கொளுத்தியது. பூ தாமதமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. காபிக்கடையில் யோர்தானிஸைப் பார்த்ததும் லாசரோஸ் ஆரம்பித்துவிட்டார்.

“மாப்ள, உன் புகைபோக்கி என் பூவைத் தின்னுடுச்சு.”

“புகைபோக்கி சாம்பல்தான் துப்பும் மச்சான். வெயிலும் அதுலேர்ந்தா வருது?”

“அதுலேர்ந்துதான் வருது. நீ தோண்டுற, அவன் எரிக்கிறான், வானம் சூடாகுது. போன குளிர்காலத்துல முழங்கால் அளவு பனி பாத்தியா? எப்ப பாத்த கடைசியா?”

“சரி, சுரங்கத்தை மூடிடுவோம். மூடிட்டு என் பையனுக்கு உன் பூவை வறுத்துப் போடறேன்.”

“சூரியன் இருக்கு, காத்து இருக்கு. உலகமே அந்தப் பக்கம் போயிட்டிருக்கு.”

“உன் சூரியன் சாயங்காலமானா வீட்டுக்குப் போயிடுமே. அப்புறம் நீ என் கரி கரண்ட்லதானே டிவி பாக்கற?”

எல்லோரும் சிரித்தோம். லாசரோஸும் சிரித்தார். கிணற்றுப் பம்புக்காக அவர் கூரையில் இரண்டு சோலார் பேனல் வாங்கி மாட்டியிருந்தார். ஊரே அதை ஒரு வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் இப்படித்தான் சண்டை போடுவார்கள், பிறகு ஒருவருக்கொருவர் சிப்புரோ சாராயம் வாங்கிக் கொடுப்பார்கள். குடித்த பிறகு யோர்தானிஸை வீட்டுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவதும் லாசரோஸ்தான்.

அதற்குப் பிறகுதான் ஊரைக் காலி செய்யும் உத்தரவு வந்தது. ஊருக்கு அடியில் கரி இருக்கிறது, சுரங்கம் அந்தப் பக்கம் நகரப்போகிறது என்றார்கள். உண்மையைச் சொன்னால் எங்களில் முக்கால்வாசிப் பேர் சந்தோஷப்பட்டோம். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்து இறைத்து வீட்டுச் சுவரெல்லாம் விரிசல் விட்டிருந்தது. குழந்தைகளுக்கு இருமல் நின்றபாடில்லை. காசு வாங்கிக்கொண்டு நகரத்தின் ஓரத்தில் புதுக் குடியிருப்புக்குப் போனோம். நானும் அங்கே புது அடுப்பு கட்டி ரொட்டி சுட ஆரம்பித்தேன். தேவாலயத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். லாசரோஸ் மட்டும் நகரவில்லை.

“பூ வளர்ற மண்ணை எந்த லாரியில ஏத்துவீங்க?” என்று அதிகாரிகளிடம் கேட்டார்.

குளிர்காலம் வந்தபோது ஊரில் அவர் வீடு ஒன்றுதான் நின்றது. தண்ணீரை நிறுத்தினார்கள். கரண்டையும் நிறுத்தினார்கள். கிணற்றுத் தண்ணீரும் கூரையில் இருந்த இரண்டு பேனலும் இருந்ததால் அவர் சமாளித்துவிட்டார். கடைசியில் சுரங்கத்து மேலாளர் யோர்தானிஸைக் கூப்பிட்டுப் பேசினார். சொந்தக்காரன் சொன்னால் கேட்பார் என்று அனுப்பினார்கள்.

அவருக்கு ரொட்டி கொடுக்க நான் வேனில் போய்வருவது வழக்கம். அன்றைக்கும் போயிருந்தேன். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆலிவும் ஆட்டுப்பால் சீஸும் வைத்துக்கொண்டு குடித்தோம். யோர்தானிஸ் தன் கிளாஸைத் தள்ளிவைத்தான்.

“மச்சான், கரி உன் அடுப்படிக்குக் கீழயும் இருக்கு. அடுத்த வருஷம் வசந்த காலத்துல என் சக்கரம் ஓடையைத் தாண்டும். அப்புறம் உன் வாசல்தான்.”

“வரட்டும்.”

“என்ன வரட்டும்? நான் அந்தக் கூண்டுல உக்காந்துக்கிட்டு உன் வீட்டை இடிக்கணுமா?”

லாசரோஸ் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார். வயலின் முனையில் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் சுரங்கத்தின் விளிம்பு தெரிந்தது.

“நிச்சயமா தாண்டுதா?” என்றார்.

“தாண்டுது.”

“உன் வாயால சொல்லு. கம்பெனிக்காரன் சொன்னா நம்பமாட்டேன்.”

“தாண்டுது மச்சான். என்னை அந்த நிலைமைக்கு ஆளாக்காத.”

அந்த வார்த்தைக்காகத்தான் லாசரோஸ் கையெழுத்துப் போட்டார். கோடையில் குங்குமப்பூக் கிழங்குகளைத் தோண்டி மூட்டை கட்டினார். நானும் அனெஸ்திஸும் கூட இருந்து ஏற்றிவிட்டோம். மறுநாளே இடிக்கிற வண்டி வந்தது. பேனல்களைக் கழற்றிக்கொள்ள ஒரு மணி நேரம் கேட்டார். கொடுக்கவில்லை. கூரையோடு சேர்த்துத் தள்ளினார்கள்.

கிழங்குகளைப் புதுக் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு குத்தகை நிலத்தில் நட்டார். களிமண். இலையுதிர் காலம் முழுக்க மழை இல்லை, பிறகு ஒரே நாளில் வயல் மூழ்கும்படி கொட்டித் தீர்த்தது. பாதிக் கிழங்கு காய்ந்து போயிருந்தது, மீதி அழுகியது. அடுத்த வருஷம் அவர் நடவில்லை. பார்த்தெனாவும் யோர்தானிஸும் குடியிருந்த கட்டடத்திலேயே தரைத்தளத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டில் சாப்பிட்டுவந்தார்.

இதற்கிடையே யோர்தானிஸ் சொன்ன வசந்தம் வந்தது. யோர்தானிஸின் சக்கரம் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றது. கோடையிலும் அங்கேயேதான் நின்றது. பழுது பார்க்கிறார்கள் என்றார்கள். பிறகு ஒருநாள் தொலைக்காட்சியில் அறிவித்தார்கள்: பூமி சூடாகிறது, நிலக்கரி போதும், சுரங்கங்களை மூடப்போகிறோம். யோர்தானிஸை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பினார்கள். எந்திரத்தை விட்டு இறங்கியவன் கொஞ்ச காலம் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற காரையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு எங்கள் பழைய ஊரைச் சுற்றி வேலி போட்டார்கள். உள்ளே இரும்புக் கால்கள் நட்டு சோலார் பேனல் வரிசை வரிசையாக அடுக்க ஆரம்பித்தார்கள். ஓடையிலிருந்து தேவாலயம் இருந்த மேடு வரைக்கும் பேனல். அனெஸ்திஸுக்கு அங்கே மாட்டுகிற வேலை கிடைத்தது. இலையுதிர் காலம் வரைக்கும்தான் ஒப்பந்தம். பிறகு நிரந்தரம் ஆக்குவோம் என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

லாசரோஸ் கோபப்படுவார் என்று நினைத்தோம். அவர் கம்பெனி அலுவலகத்துக்குச் சிரித்த முகத்தோடுதான் போனார்.

“நல்ல காரியம் பண்ணினீங்க. நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருந்ததுதான். இப்ப என் நிலத்தைத் திருப்பிக் குடுங்க. கரிக்காக எடுத்தீங்க, கரி எடுக்கல. குடுத்த காசை நான் தொடவே இல்ல, அப்படியே பாங்க்ல கிடக்கு. அங்க நானே பேனல் வெச்சுக்கறேன், நடுவுல பூவும் போட்டுக்கறேன்.”

அங்கிருந்த இளம் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னானாம்:

“ஐயா, நிலம் எடுத்த உத்தரவுல கரின்னு போடல. ‘மின் உற்பத்தி’ன்னு போட்டிருக்கு. இதுவும் மின் உற்பத்திதான். நோக்கம் மாறலை.”

லாசரோஸ் இதை என் கடையில் வந்து சொன்னார். அன்றைக்கே நகரத்தில் ஸ்திலியானி என்ற வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தார். அந்தம்மா ஒரே ஒரு வழி சொன்னார். வீட்டை இடிக்கிற சமயத்திலேயே, கரி எடுக்கப் போவதில்லை என்று சுரங்கத்துக்குத் தெரிந்திருந்தால் அது மோசடி. கோர்ட்டில் பேசலாம். ஆனால் உள்ளே வேலை பார்த்த ஒருவர் வந்து அதைச் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நடந்ததைப் பார்த்தெனா பின்னால் என் மனைவியிடம் அழுதுகொண்டே சொன்னாள். அதைத்தான் சொல்கிறேன்.

லாசரோஸ் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் நன்றாகச் சாப்பிட்டார். தட்டை ரொட்டியால் துடைத்தார். பிறகு யோர்தானிஸிடம் கேட்டார்.

“மாப்ள, உனக்குத் தெரிஞ்சிருந்ததுன்னு நான் சொல்லல. ஆனா ஷிப்டுல யாராவது ஏதாவது பேசியிருப்பாங்க. ஓடையைத் தாண்டமாட்டோம்னு யாராவது சொன்னாங்களா?”

யோர்தானிஸ் தண்ணீர் குடித்தான்.

“பேச்சு இருந்திருக்கும்.”

“அதை வந்து சொன்னா போதும். வருவியா?”

“வரேன்.”

“எனக்குத் தெரியும் நீ வருவேன்னு.” லாசரோஸ் அவன் தோளைத் தட்டிவிட்டுக் கீழே போனார்.

அவர் போனதும் பார்த்தெனா கதவைச் சாத்தினாள்.

“என்ன பேச்சு இருந்துச்சு?”

அவன் மேசையில் சிந்தியிருந்த ரொட்டித் துணுக்குகளைக் கையால் கூட்டிக் குவித்தான்.

“யோர்தானிஸ், உன்னைத்தான் கேக்கறேன்.”

“மேலாளரே சொன்னாரு. ஓடைதான் எல்லை, அதுக்கு மேல தோண்டப் போறதில்ல, மேலேர்ந்து உத்தரவு வந்தாச்சுன்னு. எந்திரம் ஓட்டறவங்க எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொன்னாரு.”

“எப்ப?”

“உன் அண்ணன்கிட்ட நான் பேசப் போறதுக்கு முன்னாடி.”

பார்த்தெனா அவன் முன்னால் வந்து நின்றாள்.

“தெரிஞ்சுகிட்டேதான் போய்ச் சொன்னியா?”

“நிலம் கைக்கு வந்தாகணும்னாங்க. எதுக்குன்னு நான் கேக்கல. அவர் ஒருத்தர் எழுந்திருச்சா அனெஸ்திஸை வேலைக்கு எடுத்துக்கறோம்னாங்க. எடுத்தாங்களா இல்லையா? அப்பவே சுரங்கத்துல உதவியாளா எடுத்தாங்க, இப்ப பேனல் வேலைக்கும் அவங்கதான் சிபாரிசு பண்ணினாங்க.”

அவள் அவனைத் திட்டினாள். வாயில் வந்ததெல்லாம் சொன்னாள். அவன் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தான். திட்டி முடித்துச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிக்கொண்டிருக்கும்போதே அவள் மனம் மாறிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“நீ கோர்ட்ல இதைச் சொன்னா அனெஸ்திஸை என்ன பண்ணுவாங்க?”

“உனக்கே தெரியும்.”

“அவன் கல்யாணம் பண்ணலாம்னு இருக்கான். வீடு பாத்துட்டிருக்கான்.”

“தெரியும்.”

“அப்ப உனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல.”

யோர்தானிஸ் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

“உன் அண்ணன் பார்த்தெனா.”

“அண்ணன்தான். நிலம் வந்து அவர் என்ன பண்ணப் போறாரு? அவருக்கப்புறம் யாரு இருக்கா? நீ போ. போகாம இருந்தா சந்தேகப்படுவாரு. போய் நில்லு, ஞாபகம் இல்லைன்னு சொல்லு.”

வழக்கு செப்டம்பரில் வந்தது. ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் போயிருந்தோம். கோடை முடிந்தும் வெயில் விடவில்லை. ஊரெல்லாம் ஏசி ஓடி மின்சாரம் இழுத்துக்கொண்டதில் நீதிமன்றத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஜன்னல்களைத் திறந்துவைத்து விசாரித்தார்கள். லாசரோஸ் ஈஸ்டருக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கழுத்தெல்லாம் வியர்வை. கோட்டைக் கழற்றவில்லை.

ஸ்திலியானி அம்மா யோர்தானிஸை நிறுத்திக் கேட்டார்.

“சுரங்கம் ஓடையைத் தாண்டாதுன்னு உங்களுக்கு முன்கூட்டியே யாராவது சொன்னாங்களா?”

“சுரங்கத்துல எல்லாரும் எல்லாம் பேசுவாங்கம்மா.”

“மேலாளர் சொன்னாரா?”

யோர்தானிஸ் பின்பெஞ்சைப் பார்த்தான். அங்கே பார்த்தெனா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அனெஸ்திஸ், வேலையிலிருந்து நேராக வந்தவன், கம்பெனி பெயர் போட்ட மஞ்சள் சட்டையில் இருந்தான்.

“எனக்கு ஞாபகம் இல்லை.”

“ஞாபகம் இல்லையா, சொல்லலையா?”

“எந்திரச் சத்தத்துல பாதி காதுல விழாதும்மா. ஞாபகம் இல்லை.”

வக்கீலம்மா லாசரோஸைத் திரும்பிப் பார்த்தார். லாசரோஸ் யோர்தானிஸைப் பார்க்கவில்லை. பின்பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு சாட்சி இல்லாததால் அன்றைக்கே வாதம் முடிந்தது. சில வாரங்கள் கழித்துத் தீர்ப்பும் அவருக்கு எதிராக வந்தது. ஆனால் தீர்ப்புக்காக யாரும் காத்திருக்கவில்லை.

வெளியே படிக்கட்டில் யோர்தானிஸ் சிகரெட் பற்ற வைக்கப் பார்த்தான், லைட்டர் எரியவில்லை. லாசரோஸ் அவனைத் தாண்டி வந்து தங்கையின் முன்னால் நின்றார். நான் இரண்டு படி கீழே நின்றுகொண்டிருந்தேன்.

“நீதானே சொல்லச் சொன்ன?” என்றார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

“இல்லண்ணே...”

“அவனுக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம் கிடையாது. எனக்குத் தெரியாதா?”

பார்த்தெனா அழுதாள். “என் பிள்ளைண்ணே. அவன் வேலை போயிடும்ணே.”

லாசரோஸ் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

“கீழ இறங்கி வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமே. அண்ணே, கேஸு வேணாம், அனெஸ்திஸுக்கு ஆபத்துன்னு. அன்னிக்கே விட்டிருப்பேன். அவனைத் தோள்ல தூக்கிவெச்சுக்கிட்டுப் பூப் பறிச்சவன் நான். எனக்கு வேற யாரு இருக்கா?”

அனெஸ்திஸ் அப்போதுதான் வெளியே வந்தான். “என்ன மாமா, என்ன ஆச்சு?” என்றான். அவனுக்கு எதுவும் தெரியாது. லாசரோஸ் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். எங்கள் யார் காரிலும் ஏறவில்லை.

நவம்பரில் கடைசி வரிசைப் பேனலும் மாட்டி முடிந்தது. திறப்பு விழாவுக்கு அமைச்சர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். பூமியைக் காப்பாற்றும் ஊர் என்று எங்கள் ஊரின் பெயரைச் சொன்னார், அதையும் தப்பாக உச்சரித்தார். மறுவாரம் மாட்டினவர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனெஸ்திஸையும்தான். மேற்பார்வைக்காரன் அவனிடம் சொன்னானாம்: “தம்பி, நட்டாச்சு. இனிமே சூரியன் பாத்துக்கும். ஒரு காவலாளி, நாலு கேமரா, வேற என்ன வேணும்?” அனெஸ்திஸ் சில மாதம் வேலை தேடினான். நிச்சயம் செய்த பெண் காத்திருந்து பார்த்துவிட்டு மனதை மாற்றிக்கொண்டாள். ஜெர்மனியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தான்.

லாசரோஸ் அந்த அறையைக் காலி செய்துவிட்டார். நகரத்துக்குத் தெற்கே, இன்னும் குங்குமப்பூ விளைகிற ஒரு ஊரில் கூலிக்குப் பூப் பறிக்கப் போனார். அங்கேயும் வருஷத்துக்கு வருஷம் பூ குறைந்துகொண்டுதான் வருகிறது என்று சந்தையில் பார்த்தவர்கள் சொன்னார்கள். சீசன் முடிந்தும் அங்கேயே ஒரு வீட்டின் பின்கட்டில் தங்கிவிட்டார்.

எங்களுக்கு அந்தக் குளிர்காலம் வேறு விதமாக வந்தது. அனல்மின் நிலையத்தின் வெந்நீர்தான் குழாய் வழியாகக் குடியிருப்பு முழுவதையும் சூடாக்கிக்கொண்டிருந்தது. நிலையத்தில் பாதியை அணைத்ததும் குழாய்கள் வெதுவெதுப்போடு நின்றுவிட்டன. யோர்தானிஸ் வீட்டுக்குள்ளேயே கோட்டோடு உட்கார்ந்திருந்தான். குளிர் ஒன்றும் முன்போல இல்லைதான், ஆனால் வயசானவர்களுக்கு அதுவே அதிகம். காபிக்கடைக்கு வந்தால் அவனோடு யாரும் சண்டை போடுவதில்லை, வம்புக்கும் இழுப்பதில்லை. ஒரு காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவான்.

வசந்தத்தில், ஈஸ்டருக்கு முந்தைய வாரம், லாசரோஸ் பெயர் கொண்டவர்களுக்கு விழா நாள் வரும். அன்றைக்கு மனித உருவத்தில் சின்னச் சின்ன இனிப்பு ரொட்டி செய்து, கண்ணுக்குக் கிராம்பு குத்தி வைப்பது வழக்கம். பார்த்தெனா என் கடையில் மாவு வாங்கிக்கொண்டு போனாள். அண்ணனுக்காக வருஷா வருஷம் அவளே செய்வாள். “நீயும் வரியா?” என்று கணவனைக் கேட்டிருக்கிறாள். அவன் தலையாட்டி மறுத்துவிட்டான். அவள் தனியாகப் பஸ் பிடித்துப் போனாள்.

லாசரோஸ் கதவைத் திறந்தார். இளைத்துப் போயிருந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. சின்ன வயசிலிருந்து அவளை “ஏய் குட்டி” என்றே கூப்பிட்டுப் பழகியவர்.

“வாங்க,” என்றார். “உள்ள வாங்க. உக்காருங்க.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“எதுக்கு இவ்வளவு சிரமப்பட்டீங்க. ரொம்ப நன்றி. காபி சாப்பிடறீங்களா?”

“அண்ணே, என்கிட்ட அப்படிப் பேசாதீங்கண்ணே.”

“தம்பி நல்லா இருக்காரா ஜெர்மனில? குளிருமே அங்க. சொல்லுங்க, நான் விசாரிச்சேன்னு.”

அவள் காபி குடித்தாள். அவர் எதிரே முழங்காலில் கை வைத்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல மழையைப் பற்றி, பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது வாசல்வரை வந்து, “பாத்துப் போங்க,” என்றார்.

பார்த்தெனா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது யோர்தானிஸ் கதவருகிலேயே காத்துக்கொண்டிருந்தான்.

“மச்சான் எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்காரு.”

“பேசினாரா?”

அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

“பேசினாரு. ரொம்ப மரியாதையா பேசினாரு.”